யூனிவர்சிட்டில சமத்துவம், நேர்மை, பசுமை எல்லாம் நிஜமாவே நடக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்

"நாங்க எல்லாரையும் சமமா நடத்துறோம், யாரையும் ஒதுக்க மாட்டோம், ஆராய்ச்சில நேர்மையா இருப்போம், சுற்றுச்சூழலை காப்பாத்துவோம்" அப்படின்னு நாலு வரி எழுதி வெப்சைட்ல போட ஒரு மத்தியானம் போதும். ஆனா நான் இருந்த கமிட்டில அந்த நாலு வரிக்கே ஒரு வருஷம் ஆச்சு, எந்த வார்த்தை முன்னாடி வரணும், "உறுதி கூறுகிறோம்"னு போடலாமா "முயல்கிறோம்"னு போடலாமா, இதுலயே போயிடுச்சு. வருஷக் கடைசில வீல்சேர்ல வர்ற ஒரு பொண்ணு கமிட்டில பேசணும்னு டைம் கேட்டா. மீட்டிங் ரூம் மூணாவது மாடில, லிஃப்ட் ரெண்டாவது மாடியோட நின்னுடும். நாங்க எல்லாரும் ஃபைலை தூக்கிக்கிட்டு கீழ இறங்கி வராண்டால நின்னோம். அவ சொன்னது இதுதான்: "ரேம்ப் இருக்கு சார். ரேம்ப் முடியற இடத்துல வெளிய போற கதவு இருக்கு, அது பூட்டியிருக்கு. சாவி செக்யூரிட்டி அண்ணன்கிட்ட. அவர் மெயின் கேட்ல இருப்பார். நான் மெயின் கேட்டுக்குப் போயி சாவி வாங்கிட்டு வரணும்னா முதல்ல யாராவது எனக்கு இந்தக் கதவை தொறந்து விடணும்."

எங்க நாலு வரில சாவியைப் பத்தி ஒண்ணுமே இல்ல.

அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் அதே கமிட்டில இருந்து கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன், உங்க யூனிவர்சிட்டில இந்த மாதிரி பொறுப்பு உங்க தலைல விழுந்தா உபயோகப்படும். ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க, இதெல்லாம் பாலிசி டாக்குமென்ட்ல நடக்குறது கிடையாது, டைம்டேபிள் போடுறவர், பர்ச்சேஸ் ஆர்டர்ல கையெழுத்து போடுறவர், ஃபார்ம் டிசைன் பண்ற கிளார்க், ஏசி ரிப்பேர் பண்றவர், இவங்க டேபிள்லதான் நடக்குது. அதனால பாலிசி எழுத உக்காருறதுக்கு முன்னாடி இவங்க டேபிளுக்குப் போங்க.

முதல்ல யார் பொறுப்புங்கறதை முடிவு பண்ணணும். தனியா ஒரு ஆபீஸ் தொறந்து ஒரு ஆபீசரை போட்டு "இனிமே எல்லாம் அவங்க பாத்துப்பாங்க"ன்னு விட்டா அவ்வளவுதான், மத்த டிபார்ட்மென்ட் எல்லாம் கையை கழுவிடும். ஆபீசர் இருக்கட்டும், ஆனா அவங்க நேரா துணைவேந்தர்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும், தனி பட்ஜெட் தலைப்பு இருக்கணும், ஒரு டெண்டரையோ ஒரு கட்டட பிளானையோ "இது சரியில்ல, திருத்தி கொண்டாங்க"ன்னு திருப்பி அனுப்புற அதிகாரம் இருக்கணும். இந்த மூணும் இல்லாத ஆபீசர் ஃபோட்டோவுல நிக்கத்தான் ஆவார். இன்னொன்னு, டிபார்ட்மென்ட்ல ஒரே ஒரு பெண் பேராசிரியர் இருந்தாங்கன்னா எல்லா கமிட்டிக்கும் அவங்களையே போடுவாங்க, பிரதிநிதித்துவம் காட்டணுமே. பாவம் அவங்க ஆராய்ச்சி பண்ண வேண்டிய நேரம் பூரா மீட்டிங்ல போகும், ப்ரமோஷன் நேரத்துல "பேப்பர் கம்மியா இருக்கே"ம்பாங்க. கமிட்டி வேலையை வொர்க்லோடுல மணிநேரமா எழுதி வைங்க, அதுக்கு பதிலா ஒரு கிளாஸை குறைங்க. இதை செய்யாம சமத்துவத்தைப் பத்தி பேசுனா அந்தம்மா சிரிப்பாங்க.

சரி, அடுத்து ஒரு ஸ்டூடண்டோட ஃபைலை கைல எடுங்க, அப்ளிகேஷன் போட்ட நாள்லேர்ந்து டிகிரி வாங்குற நாள் வரைக்கும். ஒவ்வொரு இடத்துலயும் "இந்த இடத்துல யார் நின்னுடுவாங்க"ன்னு மட்டும் கேளுங்க. அப்ளிகேஷன் ஃபீஸ் கட்ட கார்டு இல்லாதவங்க நிப்பாங்க. "அப்பா பெயர்" கட்டாயம்னு இருக்குற ஃபார்ம்ல அப்பா இல்லாத பிள்ளை நிக்கும். ஹாஸ்டல் கிடைக்கறதுக்கு முன்னாடியே டெபாசிட் கேட்டா கைல காசு இல்லாதவங்க நிப்பாங்க. பேராசிரியர் ரூம் கதவுல "ஆபீஸ் ஹவர்ஸ்"னு போட்டிருந்தா, வீட்லேர்ந்து முதல் முறையா காலேஜுக்கு வர்ற பிள்ளைங்க அது பேராசிரியர் தன் வேலையை பாக்குற நேரம், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நினைச்சுக்கும், நிஜமா அப்படித்தான் நினைக்கறாங்க, நானே அப்படி நினைச்சவன்தான். "இந்த நேரத்துல யார் வேணா வந்து சந்தேகம் கேக்கலாம், சந்தேகம் இல்லேன்னாலும் வரலாம்"னு கதவுல எழுதி ஒட்டுறதுக்கு பட்ஜெட் தேவையில்ல.

இதுல எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் "முதல்ல உங்க கைக்காசை போட்டுக்குங்க, அப்பறம் பில் குடுங்க"ங்கறதுதான். கான்ஃபரன்ஸுக்கு போக ஆராய்ச்சி பண்ற ஸ்காலருக்கு ஃபண்ட் இருக்கு, பேப்பர்ல பாத்தா எல்லாருக்கும் சமம். ஆனா டிக்கெட், ரூம், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் முதல்ல அவங்க போடணும், பில்லு பாஸாகி காசு திரும்பி வர மூணு மாசம் ஆகும். வீட்ல வசதி இருக்கறவன் அப்பா கார்டுல தேச்சுட்டு போவான். இல்லாதவன் "எனக்கு இந்த வருஷம் போக இஷ்டமில்ல சார்"ம்பான், கைடும் "சரி, ஆர்வமில்லாத பையன்"னு முடிவு பண்ணிடுவார். அவனுக்கு ஆர்வம் இல்லாம இல்ல, அக்கவுண்ட்ல காசுதான் இல்ல. இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், டிக்கெட்டையும் ரூமையும் டிபார்ட்மென்ட்டே நேரடியா புக் பண்ணணும், மீதிக்கு அட்வான்ஸ் குடுக்கணும். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல முதல்ல "ரூல் இல்ல"ம்பாங்க. எந்த ரூல்னு எழுத்துல கேளுங்க, பாதி நேரம் அப்படி ஒரு ரூலே இருக்காது, பழக்கம்தான் ரூல் மாதிரி உக்காந்திருக்கும்.

புள்ளிவிவரம் சேக்குறப்போ கொஞ்சம் ஜாக்கிரதை வேணும். மொத்தமா ஒரு நம்பரை பாத்து முடிவு பண்ணக்கூடாதுங்கறதுக்கு பெர்க்லி கதைதான் பெஸ்ட். 1973ல கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி பெர்க்லில பிஜி அட்மிஷன் கணக்கை பாத்தா அப்ளை பண்ண ஆண்கள்ல சுமார் 44 சதவீதம் பேருக்கு சீட்டு, பெண்கள்ல சுமார் 35 சதவீதம். பாரபட்சம்னு எல்லாருக்கும் தோணும். ஆனா டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா பிரிச்சு பாத்தா பெரும்பாலான இடத்துல பெண்களுக்கு எதிரா ஒண்ணும் தெரியல, பெண்கள் அதிகமா அப்ளை பண்ணது சீட்டு கம்மியா இருக்குற, ரெண்டு பேருக்குமே கஷ்டமான டிபார்ட்மென்ட்டுக்கு. இது 1975ல சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்ல சொல்லிக்குடுக்கறாங்க. சரி, அப்போ பிரச்சனையே இல்லன்னு மூடிட முடியுமா? முடியாது. பெண்கள் நிறைய போற டிபார்ட்மென்ட்ல ஏன் சீட்டும் காசும் கம்மி, பெண்களை அந்தப் பக்கம் அனுப்புனது எது, இதுதான் அப்போ கேள்வி. அதனால உங்க கணக்கை டிபார்ட்மென்ட் வாரியா, அப்ளை பண்ணது, சேந்தது, முதல் வருஷம் தாண்டுனது, முடிச்சது, முடிக்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு கட்டம் கட்டமா பிரிங்க. ஏதோ ஒரு கட்டத்துல ஒரு குறிப்பிட்ட பிரிவு மட்டும் சட்டுனு குறையும், அங்க போயி தோண்டுங்க. ஒரு கட்டத்துல மூணு நாலு பேர்தான் இருக்காங்கன்னா அந்த நம்பரை வெளிய போடாதீங்க, யாருன்னு உடனே தெரிஞ்சுடும்.

அடுத்தது யாரையும் வெளிய நிறுத்தாம இருக்குறது. இதுக்கும் பெர்க்லிதான் ஞாபகம் வருது. எட் ராபர்ட்ஸ்னு ஒருத்தர், போலியோவால கழுத்துக்குக் கீழ கிட்டத்தட்ட அசைவே கிடையாது, 1962ல அங்க சேந்தார். அவர் மூச்சு விட உபயோகிச்ச இரும்பு நுரையீரல் மெஷின் எந்த ஹாஸ்டல் ரூமுக்கும் ஒத்து வரல, அதனால கேம்பஸ் ஆஸ்பத்திரிலயே ஒரு பக்கத்தை ரூமாக்கி குடுத்தாங்க. அவர் பின்னாடியே வேற மாற்றுத்திறனாளி ஸ்டூடண்ட்ஸும் வந்தாங்க, எல்லாரும் சேந்து போராடி ஸ்டூடண்ட்ஸே நடத்துற ஒரு உதவி அமைப்பை 1970ல கொண்டு வந்தாங்க. இதுல என்ன பாக்கணும்னா யூனிவர்சிட்டி உக்காந்து யோசிச்சு செஞ்சதில்ல இது, தேவை இருக்கறவங்களே கேட்டு வாங்கி, தாங்களே நடத்துனது.

நீங்களும் அப்படித்தான் செய்யணும். கட்டட ஆடிட்டுக்கு கன்சல்டன்ட்டை கூப்பிடுறதுக்கு முன்னாடி வீல்சேர்ல வர்ற ஒருத்தர், பார்வை இல்லாத ஒருத்தர், காது கேக்காத ஒருத்தர், இவங்களோட ஒரு நாள் கேம்பஸை சுத்துங்க, அவங்க நேரத்துக்கு காசு குடுங்க, ஓசில வேலை வாங்காதீங்க. ரேம்ப்னா 1க்கு 12 சரிவு, அதாவது ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும், நம்ம காண்ட்ராக்டர் இடம் பத்தலன்னு ஆறு அடில முடிச்சுடுவார், அது ரேம்ப் இல்ல சறுக்குமரம். லிஃப்ட் பட்டன் எந்த உயரத்துல இருக்கு, பாத்ரூம் கதவு உள்பக்கமா தொறக்குதா வெளிப்பக்கமா தொறக்குதா, பாத்ரூம்ல பழைய நாற்காலி அடுக்கி வச்சிருக்காங்களா, சாவி யார்கிட்ட, இதையெல்லாம் ஃபோட்டோ எடுத்து தேதி போட்டு வைங்க.

கட்டடத்தை விட சீக்கிரம் சரி பண்ணக்கூடியது டிஜிட்டல் பக்கம். இப்பவே உங்க ஃபோன்ல, திரைல இருக்குற எழுத்தை சத்தமா படிச்சு காட்டுற ஸ்க்ரீன் ரீடரை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு, உங்க யூனிவர்சிட்டியோட எக்ஸாம் அறிவிப்பை தொறந்து பாருங்க. பெரும்பாலும் கையெழுத்து சீல் எல்லாம் போட்டு ஸ்கேன் பண்ணி ஏத்துன பிடிஎஃப், ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம், "இமேஜ்"னு சொல்லிட்டு நின்னுடும். எக்ஸாம் எப்போன்னு தெரிஞ்சுக்க பார்வையில்லாத பையன் ஃப்ரெண்டை கெஞ்சணும். டைப் பண்ண ஃபைலையே ஏத்துங்கன்னு ஒரே ஒரு சர்க்குலர் போதும். வெப்சைட்டை மாற்றுத்திறனாளிகளும் உபயோகிக்க முடியணும்னு டபிள்யூசிஏஜின்னு ஒரு சர்வதேச வழிமுறை இருக்கு, அதுல சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 வேறுபாடு இருக்கணும்னு தெளிவா சொல்லியிருக்கு, வெளிர் சாம்பல்ல எழுதி அழகு பாக்குற டிசைனர்கிட்ட இதை காட்டுங்க. லெக்சர் வீடியோவுக்கு சப்டைட்டில் போட்டா காது கேக்காதவங்களுக்கு மட்டுமில்ல, அந்த மொழில தடுமாறுறவங்க, பஸ்ல பாக்குறவங்க எல்லாருக்கும் ஆகும்.

இன்னொரு எரிச்சலான பழக்கம், நிரந்தரமா இருக்குற குறைபாட்டுக்கு ஒவ்வொரு செமஸ்டருக்கும் டாக்டர் சர்டிஃபிகேட் கேக்குறது. போன செமஸ்டர் கால் இல்லாதவருக்கு இந்த செமஸ்டர் மொளச்சிருமா என்ன? ஒரு தடவை வாங்குனா போதும்.

ஆன்லைன் எக்ஸாமுக்கு முகத்தை பாத்து கண்காணிக்கிற சாஃப்ட்வேர் வாங்குறதா இருந்தா கொஞ்சம் நில்லுங்க. 2018ல எம்ஐடி மீடியா லேப்ல இருந்த ஜாய் புவோலாம்வினியும், மைக்ரோசாஃப்ட்ல இருந்த டிம்னிட் கெப்ருவும் முகத்தை வச்சு ஆணா பெண்ணான்னு சொல்ற மூணு கம்பெனி சாஃப்ட்வேரை சோதிச்சாங்க. வெளிர்நிற ஆண்களுக்கு தப்பு அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரைக்கும் போச்சு. அப்பறம் அதெல்லாம் முன்னேறியிருக்கலாம், ஆனா நீங்க வாங்கப்போறது முன்னேறியிருக்கான்னு விக்கறவர் வாயால மட்டும் கேட்டு நம்பாதீங்க, உங்க ஸ்டூடண்ட்ஸ் மாதிரி முகம் இருக்கறவங்களை வச்சு டெஸ்ட் பண்ணி காட்ட சொல்லுங்க, அதை டெண்டர்லயே ஒரு நிபந்தனையா போடுங்க.

யார் முடிவெடுக்கறாங்கங்கறதும் இதுக்குள்ளதான் வருது. காது கேக்காதவங்களுக்குன்னே வாஷிங்டன்ல இருக்குற கேலடெட் யூனிவர்சிட்டி 1864ல ஆரம்பிச்சது, 1988 வரைக்கும் அதோட தலைவரா வந்தவங்க எல்லாருமே காது கேக்குறவங்க. அந்த வருஷம் மறுபடியும் காது கேக்குற ஒருத்தரை போட்டதும் ஸ்டூடண்ட்ஸ் கேட்டை மூடி உக்காந்துட்டாங்க, ஒரே வாரத்துல அந்தப் புது தலைவர் ராஜினாமா பண்ண, ஐ. கிங் ஜோர்டான் முதல் காது கேக்காத தலைவரா வந்தார். 124 வருஷமா அவங்களுக்காக மத்தவங்களே முடிவு பண்ணிட்டிருந்திருக்காங்க, அதுவும் நல்ல எண்ணத்தோட. உங்க கமிட்டி லிஸ்டை ஒரு தடவை எடுத்து பாருங்க. கிளீனிங் ஸ்டாஃப், செக்யூரிட்டி, காண்ட்ராக்ட்ல வேலை பாக்குறவங்க சார்பா யாராவது இருக்காங்களா? பெரும்பாலும் இருக்க மாட்டாங்க, "அவங்க நம்ம எம்ப்ளாயி இல்ல, ஏஜென்சி எம்ப்ளாயி"ம்பாங்க. தினமும் காலைல முதல் ஆளா கேம்பஸுக்குள்ள வர்றது அவங்கதான், அவங்களுக்கு உக்காந்து சாப்பிட ஒரு ரூம் இல்லாத யூனிவர்சிட்டி யாரை உள்ள சேத்துக்கிச்சுன்னு சொல்லிக்கும்? ஏஜென்சி காண்ட்ராக்ட்லயே சம்பள தேதி, லீவு, ஓய்வு ரூம், புகார் சொல்ல வழி எல்லாம் எழுதுங்க.

நேர்மைன்னதும் எல்லாருக்கும் காப்பியடிக்கறதுதான் ஞாபகம் வரும். அதுக்கு சாஃப்ட்வேர் வாங்கி வச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு இருப்பாங்க. ஆனா பெரிய தப்பெல்லாம் பெரியவங்க பண்ணது. அமெரிக்காவுல டஸ்கீகில 1932லேர்ந்து 1972 வரைக்கும் சுமார் 600 கறுப்பின ஆண்களை வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, அதுல 399 பேருக்கு சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய். அரசாங்க சுகாதாரத் துறை நடத்துனது, அந்த ஊர் கல்வி நிறுவனமும் கூட இருந்துச்சு. அவங்ககிட்ட நோயோட பேரை சொல்லல, அதை குணப்படுத்துற பென்சிலின் கிடைக்க ஆரம்பிச்ச பிறகும் குடுக்கல, நோய் கடைசில எங்க போயி நிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. இது வெளிய வந்த அதிர்ச்சிலதான் 1979ல பெல்மான்ட் அறிக்கை வந்துச்சு, மூணு அடிப்படை சொன்னது: மனுஷனை மதிக்கணும், நல்லது செய்யணும் கெடுதல் கூடாது, பலனும் சுமையும் நியாயமா பங்காகணும். மூணாவதை நல்லா பாருங்க, அது சமத்துவமேதான். ஏழைங்க மேல சோதனை பண்ணிட்டு மருந்தை பணக்காரங்களுக்கு விக்கக்கூடாதுன்னு அர்த்தம்.

ஆராய்ச்சியால யாருக்கும் கெடுதல் வராதான்னு பாத்து அனுமதி குடுக்குற எதிக்ஸ் கமிட்டில வெறும் பேராசிரியர்களா இருந்தா ஒருத்தர் ப்ரபோசலை ஒருத்தர் பாஸ் பண்ணி விட்டுக்குவாங்க, "நாளைக்கு என்னுது வரும்ல". வெளியாள் ஒருத்தர், விஞ்ஞானம் படிக்காத ஒருத்தர் கட்டாயம் வேணும். ஆராய்ச்சில கலந்துக்கறவங்க கையெழுத்து போடுற ஒப்புதல் படிவத்தை அந்த விஞ்ஞானம் படிக்காதவரை வச்சு சத்தமா படிக்க சொல்லுங்க, அவர் தடுக்கி விழுற வரியெல்லாம் திருப்பி எழுதணும். கிளாஸ் எடுக்குற வாத்தியாரே தன் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட "என் சர்வேல கலந்துக்கறீங்களா"ன்னு கேக்கக்கூடாது, மார்க் போடுற கை கேட்டா யார் மாட்டேன்னு சொல்லுவா? வேற ஒருத்தரை விட்டு கேக்கணும், யார் கலந்துக்கிட்டாங்கன்னு மார்க் போட்டு முடிக்கிற வரைக்கும் வாத்தியாருக்கு தெரியக்கூடாது.

ஸ்காலருங்க ராத்திரி தூங்காம இருக்கறது வேற விஷயத்துக்கு, பேப்பர்ல யார் பேர் போடுறது. வேலை பூரா ஸ்காலர் பண்ணுவார், முதல் பேர் கைடு, ரெண்டாவது பேர் கைடோட ஃப்ரெண்டு, அவர் லேப் வாசல்லகூட நின்னிருக்க மாட்டார். மருத்துவ பத்திரிகை ஆசிரியர்களோட சர்வதேச கமிட்டி நாலு நிபந்தனை வச்சிருக்கு, வேலைல உண்மையான பங்கு, எழுதுனதுலயோ திருத்துனதுலயோ பங்கு, கடைசி வடிவத்துக்கு சம்மதம், தப்புன்னு கேள்வி வந்தா பதில் சொல்ற பொறுப்பு, நாலும் இருந்தாதான் பேப்பர்ல பேர். ஆராய்ச்சி ஆரம்பிக்கிற முதல் மாசமே இதை ஒரு பக்கத்துல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு வச்சுட்டா அப்பறம் சண்டை வராது, வந்தாலும் சின்னதா வரும். கைடை மாத்திக்க ஒரு வழி இருக்கணும், அந்த வழி அதே டிபார்ட்மென்ட் ஹெட் டேபிள் வழியா போகக்கூடாது, ஹெட்டும் கைடும் பக்கத்து பக்கத்து வீடா இருப்பாங்க. புகார் வாங்குறவர் டிபார்ட்மென்ட்டுக்கு வெளிய இருக்கணும், இத்தனை நாள்ல முதல் பதில், இத்தனை நாள்ல முடிவுன்னு போட்டிருக்கணும், புகார் குடுத்தவரோட உதவித்தொகையும் ஹாஸ்டல் ரூமும் முடிவு வர்ற வரைக்கும் அப்படியே இருக்கும்னு எழுத்துல குடுக்கணும். இந்த கடைசி வரி இல்லாம எவ்வளவு நல்ல புகார் பெட்டி வச்சாலும் அது காலியாத்தான் கெடக்கும், அதைப் பாத்து "பாருங்க, நம்ம கேம்பஸ்ல புகாரே இல்ல"ன்னு வேற சொல்லுவாங்க.

ஏன் இப்படி பேப்பர் பேப்பர்னு ஓடுறாங்கன்னா ப்ரமோஷனே பேப்பர் எண்ணிக்கையையும் பத்திரிகையோட இம்பாக்ட் ஃபேக்டரையும், அதாவது அதுல வர்ற பேப்பரை மத்தவங்க சராசரியா எத்தனை தடவை மேற்கோள் காட்டுறாங்கங்கற கணக்கையும், பாத்து குடுக்குறோம். பத்திரிகை பேரை பாத்து ஆளை எடை போடாதீங்கன்னு சொல்ற டோரா அறிக்கை 2012லயே சான் ஃபிரான்சிஸ்கோல உருவாச்சு, நிறைய யூனிவர்சிட்டி கையெழுத்தும் போட்டிருக்கு. கையெழுத்து போட்டா மட்டும் போதாது, ப்ரமோஷன் ஃபார்ம்ல இம்பாக்ட் ஃபேக்டர் கேக்குற கட்டத்தையே எடுக்கணும்.

கடைசியா சுற்றுச்சூழல். மரக்கன்னு நடுற விழாவை தயவு செஞ்சு முதல் வேலையா வைக்காதீங்க. நட்ட அன்னைக்கு நாப்பது பேர் ஃபோட்டோவுல இருப்பாங்க, மூணாவது மாசம் தண்ணி ஊத்த ஒருத்தர்கூட இருக்க மாட்டார். கார்பன் டை ஆக்சைடு மாதிரி பூமியை சூடாக்குற வாயுவை நாம எவ்வளவு வெளிய விடுறோம்னு முதல்ல கணக்கு எடுக்கணும். கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால்னு ஒரு முறை இருக்கு, மூணா பிரிக்கும். ஸ்கோப் ஒண்ணு, நாமளே நேரடியா வெளியிடுறது, ஜெனரேட்டர் டீசல், நம்ம பஸ், கசியற கேஸ். ஸ்கோப் ரெண்டு, வாங்குற கரண்ட். ஸ்கோப் மூணு மீதி எல்லாம், ஃப்ளைட் பயணம், வாங்குற சாமான், கட்டடம் கட்டுறது, குப்பை, பிள்ளைங்க வந்து போறது. மூணாவதுதான் பெரும்பாலும் பெருசா இருக்கும், கணக்கெடுக்கறது கஷ்டம்னு அதைத்தான் விட்டுடுவாங்க.

எங்க கமிட்டில முதல் தடவை கணக்கு போட்டப்போ சோலார் பேனல் எத்தனைன்னு வரிசையா எழுதுனோம், கரண்ட் பில்லை சேத்தோம், ரொம்ப பெருமையா இருந்துச்சு. அப்போ ஏசி மெக்கானிக் ஒருத்தர் வந்து அட்டை பிஞ்சுபோன ஒரு நோட்டை காட்டுனார், எந்த பில்டிங், எந்த தேதி, எத்தனை கிலோ கேஸ் அடிச்சேன்னு பென்சில்ல எழுதி வச்சிருந்தார், ஆபீஸ்ல யாரும் கேக்கல, அவரா தன் கணக்குக்கு எழுதுனது. ஒரே பில்டிங்ல நாலு மாசத்துக்கு ஒருக்கா கேஸ் அடிச்சிருக்கார், அப்படின்னா அது முழுக்க கசிஞ்சு காத்துல போகுதுன்னு அர்த்தம். ஏசில இருக்குற ஆர்-410ஏ மாதிரி கேஸ் ஒரு கிலோ கசிஞ்சா சுமார் ரெண்டாயிரம் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம். பத்து கிலோ போனா இருபது டன். அந்த பைப்பை மாத்துனதுதான் அந்த வருஷம் நாங்க பண்ண உருப்படியான ஒரே வேலை, அதுக்கு ரிப்பன் வெட்டுற விழா எதுவும் வைக்க முடியல.

லேப் இருந்தா அங்க போங்க, கரண்ட்டை தின்னுறது அதுதான். ஃப்யூம் ஹூட்னு கெமிக்கல் புகையை உறிஞ்சி வெளிய தள்ளுற பெட்டி இருக்கும்ல, அது ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு எடுக்குற எனர்ஜி அமெரிக்காவுல ஒரு சராசரி வீட்டை விட மூணு மடங்குக்கும் மேலன்னு கணக்கு. பல மாடல்ல வேலை இல்லாதப்போ முன்னாடி இருக்குற கண்ணாடியை இறக்கி விட்டாலே காத்து இழுக்கறது குறையும், ஆளுக்கும் பாதுகாப்பு. மைனஸ் 80 டிகிரில ஓடுற ஃப்ரீசரை மைனஸ் 70க்கு வச்சா 30 சதவீதம் வரைக்கும் கரண்ட் மிச்சம், நிறைய சாம்பிளுக்கு அது போதும், ஆனா எந்த சாம்பிளுக்கு போதும்னு லேப்ல இருக்கறவங்ககிட்ட கேட்டு பண்ணுங்க, நீங்களா போயி பட்டனை அமுக்காதீங்க, பத்து வருஷ உழைப்பு உள்ள இருக்கும். அப்பறம் உள்ள யாருதுன்னே தெரியாத, எப்பவோ படிச்சு முடிச்சு போனவரோட டப்பாக்கள் பாதி ஃப்ரீசரை அடைச்சிருக்கும், அதை காலி பண்ணாலே ஒரு ஃப்ரீசர் மிச்சம்.

யூனிவர்சிட்டியோட சேமிப்பு பணம் எதுல போட்டிருக்குன்னும் ஒரு தடவை கேளுங்க. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ யூனிவர்சிட்டி 2014லயே நிலக்கரி எண்ணெய் கம்பெனிகள்லேர்ந்து முதலீட்டை எடுத்துடுறோம்னு முடிவு பண்ணுச்சு, ஸ்டூடண்ட்ஸ் ஒரு வருஷம் விடாம கேட்டதாலதான். நன்கொடைக்கும் இதே மாதிரி ஒரு வடிகட்டி வேணும், பணம் வந்த பிறகு யோசிக்கக்கூடாது, வர்றதுக்கு முன்னாடியே யார்கிட்ட வாங்க மாட்டோம்னு எழுதி வச்சிருக்கணும்.

இப்போ யாரும் சொல்லித்தராத ஒரு சங்கடம். இந்த நாலு நல்லதும் சில நேரம் ஒண்ணோட ஒண்ணு மோதும். மழைத்தண்ணி பூமிக்குள்ள இறங்கணும்னு சிமெண்ட் பாதையை எடுத்துட்டு ஜல்லி போட்டா வீல்சேர் சக்கரம் புதைஞ்சுடும். காரை குறைக்கணும்னு பார்க்கிங்கை மூடுனா நடக்க முடியாதவங்க எங்க இறங்குவாங்க? பேப்பரே வேண்டாம் எல்லாம் ஆன்லைன்னு சொன்னா லேப்டாப் இல்லாத பிள்ளை ஃபோன்ல உக்காந்து அம்பது பக்க அசைன்மென்ட் டைப் பண்ணும். பிளாஸ்டிக் ஸ்ட்ராவை அடியோட தடை பண்ணுனா கை நடுக்கம் இருக்கறவங்க சிலர் தண்ணி குடிக்கவே கஷ்டப்படுவாங்க. அதனால பசுமை கமிட்டியும் சமத்துவ கமிட்டியும் தனித்தனியா உக்காரக்கூடாது, ஒவ்வொரு முடிவுக்கும் கீழ "இதனால யாருக்கு கஷ்டம், அவங்களுக்கு என்ன வழி"ன்னு ரெண்டு வரி எழுதுற இடம் இருக்கணும், அது காலியா இருந்தா ஃபைல் நகரக்கூடாது. ஜல்லிக்கு பதிலா தண்ணி இறங்குற, ஆனா சமமா கெட்டியா இருக்குற தரைக்கல்லு கிடைக்குது, கேட்டாதானே தெரியும்.

ரேங்கிங்ல வேணா கலந்துக்கங்க, தப்பில்ல. இந்தோனேசியா யூனிவர்சிட்டி 2010லேர்ந்து கிரீன்மெட்ரிக்னு ஒண்ணு நடத்துது, டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் பத்திரிகை 2019ல ஐநாவோட நீடித்த வளர்ச்சி இலக்குகளை வச்சு இம்பாக்ட் ரேங்கிங்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. ஆனா அதுல போற தகவல்ல பெரும்பகுதி நாமளே குடுக்குறதுதான். அதோட கேள்வித்தாளை ஒரு செக்லிஸ்டா உபயோகிங்க, ரேங்கை ஃப்ளெக்ஸ் அடிச்சு கேட்ல மாட்டாதீங்க. அதுக்கு பதிலா வருஷத்துக்கு ஒரு நாள், சொன்னது என்ன, நடந்தது என்ன, நடக்காதது என்ன, ஏன்னு நாலு பக்கம் வெளியிடுங்க, நடக்காததை முதல் பக்கத்துல போடுங்க. முதல் வருஷம் ரெஜிஸ்ட்ரார் ஒத்துக்க மாட்டார். எங்க ரெஜிஸ்ட்ராரும் ஒத்துக்கல, ரெண்டாவது வருஷம் அதை பாத்துட்டு ஒரு பழைய மாணவர் லிஃப்ட்டுக்கு காசு குடுத்த பிறகுதான் மனசு மாறுனார்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கு, பெரும்பாலும் எல்லாரும் மறக்குறது. ஸ்டூடண்ட்ஸ் படிச்சு முடிச்சு போயிடுவாங்க, கமிட்டி மெம்பர் மாறுவாங்க, ஆபீசர் ட்ரான்ஸ்ஃபர்ல போவார், புதுசா வர்றவங்க மறுபடியும் அந்த நாலு வரிலேர்ந்து ஆரம்பிப்பாங்க. அதனால ஒரே ஒரு ஃபைல் வைங்க. யாருக்கு எந்த தேதிக்குள்ள என்ன செய்யறேன்னு வாக்கு குடுத்திருக்கோம், எந்த டெண்டர் எப்போ முடியுது, அடுத்ததுல என்ன நிபந்தனை சேக்கணும், எந்த புகார் இன்னும் முடியல, ஏசி நோட்டு யார்கிட்ட இருக்கு, எந்தக் கதவுக்கு எத்தனை சாவி, யார் யார்கிட்ட. போற ஆளும் வர்ற ஆளும் ஒரு மணிநேரம் ஒண்ணா உக்காந்து அதை ஒருக்கா படிச்சு, கீழ ரெண்டு பேரும் தேதி போட்டு கையெழுத்து போடணும்.